உடையும் பொருளும் உடையாத உரிமையும்

ஜெய்ப்பூர்க் கிளையில் நான் பணியாற்றிய காலத்தில், ஒரு திங்கட்கிழமை காலை, எங்கள் வாடிக்கையாளரான பெண்மணி ஒருவர் தம் கைப்பேசியை என் மேசைமீது வைத்தார். திரையில் ஒரு புகைப்படம். கொச்சியிலுள்ள ஒரு கடையின் தரையில் நீலநிறப் பூச்சாடிகளும் கிண்ணங்களும் தட்டுகளும் சில்லுகளாகக் கிடந்தன. அவரும் அவருடைய உறவினரான இரு பெண்களும் இரண்டு மாதங்கள் உழைத்துச் செய்த பொருள்கள் அவை. முத்ரா திட்டத்தின்கீழ் எங்கள் கிளை வழங்கிய கடனிலிருந்துதான் அவற்றுக்கான மூலப்பொருள்களை அவர் வாங்கியிருந்தார்.

"இந்த மாதத் தவணையை நான் எப்படிக் கட்டுவேன், ஐயா?" என்பதே அவர் கேட்ட முதற்கேள்வி.

நான் கேட்டது வேறு: "கடைக்காரர் பெட்டிகளைப் பெற்றுக்கொண்டபோது, சீட்டில் என்ன எழுதிக் கையெழுத்திட்டார்?"

அவருக்குத் தெரியவில்லை. கொச்சிக்குத் தொலைபேசியில் பேசிய பின்னரே விடை கிடைத்தது. அந்த விடையை இக்கட்டுரையின் இறுதியில் கூறுகிறேன். அதன் மதிப்பை உணர்வதற்கு, பொருளை அனுப்புபவரும் பெறுபவரும் அறிந்திருக்கவேண்டிய சில செய்திகளை முதலில் வரிசையாகக் காண்போம்.

என் கேள்விக்கு ஒரு பின்னணியும் உண்டு. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, பணிமாற்றத்தின்போது, என் தாயார் எனக்களித்த தஞ்சாவூர் ஓவியம் ஒன்றைக் கண்ணாடிச் சட்டத்துடன் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் வழியே அனுப்பியிருந்தேன். பெட்டி வந்து சேர்ந்த நேரத்தில் அலுவலகத்திற்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். "பொருள் நல்ல நிலையில் பெறப்பட்டது" என்று முன்னரே அச்சிடப்பட்டிருந்த வரியின்கீழ், படிக்காமலேயே கையெழுத்திட்டேன். மாலையில் திறந்தபோது கண்ணாடி நொறுங்கி, பொன் தகடு வேய்ந்த பகுதியைக் கீறியிருந்தது. நாள்தோறும் பிறருடைய ஆவணங்களைப் படித்துப் பார்த்துக் கையெழுத்து வாங்கும் வங்கி அலுவலரான நான், என் சொந்த ஆவணத்தைப் படிக்கவில்லை. இறுதியில் கிடைத்தது அனுப்புகைக் கட்டணத்தைவிடச் சற்றே கூடுதலான ஒரு தொகை மட்டுமே. அந்தப் பாடத்திற்கு நான் செலுத்திய விலையை நம் வாடிக்கையாளர்கள் செலுத்தவேண்டியதில்லை என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கையில் இருக்கவேண்டிய மூன்று தாள்கள்

உடைந்த பொருளுக்கு இழப்பீடு கேட்கும்போது, நம் துயரத்தின் அளவை எவரும் கேட்பதில்லை; தாள்களைத்தான் கேட்பார்கள். அவை மூன்று.

முதலாவது, பொருளின் மதிப்பைக் காட்டும் விலைப்பட்டியல். வீட்டுப் பொருளாயின், அதை வாங்கியபோது பெற்ற ரசீது அல்லது மதிப்பீட்டாளரின் சான்று.

இரண்டாவது, அனுப்பும்போது நாம் நிரப்பித் தரும் அனுப்புகைச் சீட்டும், அதற்கு ஈடாக நிறுவனம் தரும் சரக்கு ரசீதும். வணிகர்கள் இதனை லாரி ரசீது என்றும் எல்.ஆர். என்றும் அழைப்பர். கூரியரில் இதுவே கண்காணிப்பு எண் அச்சிட்ட சீட்டாக அமைகிறது. பொருளின் விவரம், பெட்டிகளின் எண்ணிக்கை, எடை, அறிவிக்கப்பட்ட மதிப்பு ஆகியவை இதில் இடம்பெறவேண்டும். எந்தக் குறையும் குறிக்கப்படாமல் சரக்கு ரசீது வழங்கப்பட்டால், வெளித்தோற்றத்தில் நல்ல நிலையில் இருந்த பெட்டியையே நிறுவனம் பெற்றுக்கொண்டது என்பதற்கு அது வலுவான சான்று.

மூன்றாவது, பொருளை ஒப்படைக்கும்போது பெறுபவர் கையெழுத்திடும் சீட்டு. ஊழியர்கள் இதைப் பி.ஓ.டி. என்பர். முதலிரண்டு தாள்களும் அனுப்புபவர் கையில் உருவாகின்றன. மூன்றாவது, பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால், பெரும்பாலும் அவசரத்தில், வேறொருவர் கையில் உருவாகிறது. வழக்குகள் வெல்வதும் தோற்பதும் பெரும்பாலும் இந்த மூன்றாவது தாளில்தான்.

சட்டம் எவ்வளவு தருகிறது?

சாலைவழிச் சரக்குப் போக்குவரத்தை இந்தியாவில் இன்று ஆள்வது 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்கேற்றுச் சட்டம். ஆங்கிலேயர் காலத்து 1865-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் இது 2011-இல் நடைமுறைக்கு வந்தது. லாரி நிறுவனங்கள் மட்டுமின்றி, வீட்டுக்கு வீடு பொருளைக் கொண்டுசேர்க்கும் கூரியர் நிறுவனங்களும், சரக்குப் பதிவு செய்யும் முகவர்களும் இச்சட்டத்தின் வரையறைக்குள் அடங்குவர்.

இச்சட்டத்திலும் இதன்கீழ் இயற்றப்பட்ட விதிகளிலும் வாடிக்கையாளர் நினைவிற்கொள்ளவேண்டியவை மூன்று.

ஒன்று: நிறுவனத்தின் கவனக்குறைவை நாம் மெய்ப்பிக்கவேண்டியதில்லை. நல்ல நிலையில் ஒப்படைத்த பொருள் சேதமாக வந்தது என்று காட்டினால் போதும். தன்மேல் குறையில்லை என்று காட்டும் சுமை நிறுவனத்தைச் சேரும். நுகர்வோர் மன்றங்களிலும் இதே நெறி பொருந்தும் என்று 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்தின்கீழ்த் தீர்ப்பளித்துள்ளது. "உரிமையாளர் பொறுப்பில்" என்ற முத்திரையைச் சீட்டில் குத்திவிட்டால் தம் பொறுப்பு முடிந்தது என்று சில நிறுவனங்கள் கருதுகின்றன. அந்தச் சொற்கள் நிறுவனத்தையோ அதன் ஊழியரையோ கவனக்குறைவின் விளைவிலிருந்து விடுவிக்காது என்பதையும் அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் தெளிவுபடுத்தியது. போர், கலவரம், இயற்கைச் சீற்றம், அரசு ஆணை போன்ற சில காரணங்களுக்கு மட்டும் சட்டம் விலக்களிக்கிறது. அப்போதும் நிறுவனம் உரிய கவனம் செலுத்தியிருக்கவேண்டும்.

இரண்டு: பொறுப்பிற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. கூடுதல் இடர்க் கட்டணம் செலுத்தப்படாத சரக்கிற்கு, நிறுவனம் தரவேண்டிய இழப்பீடு அனுப்புகைக் கட்டணத்தின் பத்து மடங்கைத் தாண்டாது. சீட்டில் நாம் அறிவித்த மதிப்பையும் தாண்டாது. கூடுதல் இடர்க் கட்டணத்தைச் செலுத்தியவருக்கு இந்தப் பத்து மடங்கு வரம்பு தடையாவதில்லை.

மூன்று: இழப்பு அல்லது சேதம் குறித்த எழுத்துமூல அறிவிப்பைச் சரக்குப் பதிவுசெய்த நாளிலிருந்து 180 நாள்களுக்குள் நிறுவனத்திற்கு அளித்திருக்கவேண்டும். அது இல்லாமல் வழக்குத் தொடர இயலாது. கணக்கு தொடங்குவது பொருள் வந்துசேர்ந்த நாளிலிருந்து அன்று, பதிவுசெய்த நாளிலிருந்து என்பதைக் கவனிக்கவேண்டும்.

கணக்கிட்டுப் பார்ப்போம்

ஜெய்ப்பூர்ப் பெண்மணியின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். புரிதலுக்காக எண்களை முழுமையாக்கித் தருகிறேன். மூன்று பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ரூ. 28,000 மதிப்புள்ள பொருள்கள். ஆக மொத்தம் ரூ. 84,000. அனுப்புகைக் கட்டணம் ரூ. 3,600. இரண்டு பெட்டிகள் நசுங்கின. அவற்றிலிருந்த ரூ. 56,000 மதிப்புள்ள பொருள்களில் ரூ. 8,000 மதிப்புள்ளவை தப்பின. எனவே உண்மையான இழப்பு ரூ. 48,000.

கட்டணத்தின் பத்து மடங்கு ரூ. 36,000. அதாவது, எல்லாத் தாள்களும் சரியாக இருந்து, நிறுவனமும் முழுமையாக இணங்கினாலும், ரூ. 12,000 இழப்பு அவர் தலையில்தான் விழும். பதிவுசெய்த நாளில் கூடுதல் இடர்க் கட்டணத்தைக் கேட்டறிந்து செலுத்தியிருந்தாலோ, தனியே போக்குவரத்துக் காப்பீடு எடுத்திருந்தாலோ இந்தப் பள்ளம் தோன்றியிருக்காது.

நாம் கையெழுத்திடும் நிபந்தனை நம்மைக் கட்டுப்படுத்தும் என்பதற்கு 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு நல்ல சான்று. ஒரு பின்னலாடை நிறுவனம் ஜெர்மனியிலுள்ள தன் வாடிக்கையாளருக்கு ஆவணங்களைக் கூரியரில் அனுப்பியது, அவை போய்ச்சேரவில்லை, ஏற்றுமதியில் பேரிழப்பு ஏற்பட்டது. மாநில ஆணையம் பெருந்தொகை வழங்க ஆணையிட்டது. ஆனால் கூரியர் சீட்டில் பொறுப்பு 100 அமெரிக்க டாலருக்கு மிகாது என்ற நிபந்தனை அச்சிடப்பட்டிருந்தது. அதில் அனுப்பியவரின் கையெழுத்தும் இருந்தது. தேசிய ஆணையம் அத்தொகையை மட்டுமே வழங்கியது. உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சிறிய எழுத்தில் அச்சிடப்பட்ட வரிக்கும் பெரிய தொகையைத் தீர்மானிக்கும் ஆற்றல் உண்டு.

கட்டுவதில் தொடங்குகிறது பாதுகாப்பு

சேதத்திற்கு நிறுவனங்கள் கூறும் முதல் மறுமொழி, "கட்டியது போதாது" என்பதே. காப்பீட்டு நிறுவனங்களும் போதுமான கட்டுமானமில்லாத சரக்கிற்கு இழப்பீடு தருவதில்லை. ஆகவே, நன்றாகக் கட்டுவது பொருளையும் காக்கிறது, வழக்கையும் காக்கிறது.

ஜெய்ப்பூர் நீலப் பாண்டம் களிமண்ணால் செய்யப்படுவதன்று. குவார்ட்சு கல்லின் தூளையும் கண்ணாடித் தூளையும் முல்தானி மண்ணையும் கலந்து செய்வது. அழகு மிகுதி, அதிர்ச்சியைத் தாங்கும் வலிமை குறைவு. இத்தகைய பொருளை அனுப்புவோர் பின்பற்றவேண்டியவை:

1. ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே காற்றுக்குமிழித் தாளில் சுற்றவேண்டும். ஒரு பொருள் மற்றொன்றைத் தொடலாகாது. ஜாடியின் உட்புறத்தையும் தாள் திணித்து நிரப்பவேண்டும்.

2. தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காமல், விளிம்பில் நிற்குமாறு வரிசையாக வைக்கவேண்டும்.

3. பெட்டிக்குள் பெட்டி என்ற முறையே சிறந்தது. இரண்டுக்கும் இடையே எல்லாப் பக்கங்களிலும் குறைந்தது 5 சென்டிமீட்டர் மெத்தைப் பொருள் இருக்கவேண்டும். வெளிப்பெட்டி ஐந்தடுக்கு அல்லது ஏழடுக்கு அட்டையால் ஆன புதிய பெட்டியாக இருக்கட்டும். ஏற்கெனவே ஒருமுறை பயணித்த பெட்டி தன் வலிமையில் பாதியை வழியிலேயே விட்டுவந்திருக்கும்.

4. மூடிய பெட்டியை மெதுவாக அசைத்துப் பார்க்கவேண்டும். உள்ளே அசைவோ ஓசையோ இருந்தால் மீண்டும் திறந்து நிரப்பவேண்டும்.

5. கட்டும் ஒவ்வொரு நிலையையும் புகைப்படம் எடுத்துவைக்கவேண்டும். "கட்டியது போதாது" என்ற வாதத்திற்கு இதைவிடச் சிறந்த மறுமொழி இல்லை.

"எளிதில் உடையும்" என்ற ஒட்டுச்சீட்டையும் மேல்நோக்கிய அம்புக்குறியையும் ஒட்டுவது நன்று. ஆனால் அவை வேண்டுகோள்களே, காப்பு அல்ல. அந்தப் பெட்டியின்மேல் வேறு பெட்டிகள் அடுக்கப்படும் என்று கருதியே கட்டவேண்டும்.

பெட்டி பெரிதானால் செலவு கூடும் என்பதும் உண்மை. எடை குறைவாயினும் இடத்தை அடைக்கும் பெட்டிக்குக் கூரியர் நிறுவனங்கள் கன அளவை எடையாக மாற்றிக் கட்டணம் விதிக்கின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது பரவலான முறை. 60, 45, 45 அளவுள்ள பெட்டி, 14 கிலோ எடையிருந்தாலும், 24.3 கிலோவாகக் கணக்கிடப்படும். இந்தக் கூடுதல் செலவைப் பொருளின் விலையில் சேர்த்துக்கொள்வதே முறை. பெட்டியைச் சிறிதாக்கி மிச்சப்படுத்துவது முறையன்று.

பொருள் வாசலுக்கு வந்ததும்

ஊழியர் அவசரப்படுத்தலாம். அவருக்கும் அன்று முடிக்கவேண்டிய பல வீடுகள் உண்டு. அவரிடம் கடுமை காட்டவேண்டியதில்லை; பெட்டியை நசுக்கியவர் பெரும்பாலும் அவராக இருக்கமாட்டார். ஆயினும் கையெழுத்திடுமுன் இரண்டு நிமிடங்கள் எடுத்துக்கொள்வது நம் உரிமை.

பெட்டியின் ஆறு பக்கங்களையும் பார்த்து, முகவரிச் சீட்டும் கண்காணிப்பு எண்ணும் தெரியுமாறு படம் எடுங்கள். மூலை நசுங்கல், ஈரம், கிழிசல், மறுபடி ஒட்டிய நாடா, உள்ளே சில்லோசை ஆகியவற்றில் எது இருந்தாலும் அதை உங்கள் கையாலேயே ஒப்படைப்புச் சீட்டில் எழுதுங்கள். "பெட்டியின் இடது மூலை நசுங்கியுள்ளது, உள்ளே உடைந்த ஓசை கேட்கிறது, திறந்து பார்க்காமல் பெறப்பட்டது" என்பதுபோல் குறிப்பாக எழுதுங்கள். "சேதம்" என்ற ஒற்றைச்சொல் போதாது.

இப்போது பல இடங்களில் தாளுக்குப் பதிலாகக் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைக் கேட்கிறார்கள். அந்த எண்ணைச் சொல்வதும் கையெழுத்திடுவதற்குச் சமமே. எழுத இடமில்லாதபோது, எண்ணைச் சொல்லுமுன் படங்களை எடுத்து, அதே நிமிடத்தில் நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். பெட்டி முற்றிலும் சிதைந்திருந்தால், காரணத்தை எழுதிப் பெற மறுக்கலாம்.

திறக்கும்போது, இடையில் நிறுத்தாத ஒரே காணொளியாகப் பதிவு செய்யுங்கள். உடைந்த சில்லுகள், உட்பொதிவு, வெளிப்பெட்டி எதையும் வீசிவிடாதீர்கள். கோரிக்கை முடியும்வரை அவையே உங்கள் சாட்சிகள். நிறுவனமோ காப்பீட்டு அளவையாளரோ வந்து பார்க்குமாறு எழுத்தில் கேளுங்கள். ரயில்வழிச் சரக்காயின், சேதமுற்ற பொதியை அலுவலர் முன்னிலையில் திறந்து ஒப்படைக்குமாறு கேட்கும் உரிமையை 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் தருகிறது.

காலவரம்புகள்

நம் உரிமைகளுள் பெரும்பாலானவை காலங்கடத்துவதாலேயே கைநழுவுகின்றன. குறித்துவைத்துக்கொள்ளவேண்டியவை:

சாலைவழிச் சரக்கு: பதிவுசெய்த நாளிலிருந்து 180 நாள்களுக்குள் எழுத்துமூல அறிவிப்பு.

ரயில்வழிச் சரக்கு: ஒப்படைத்த நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் கோரிக்கை.

பன்னாட்டு விமானவழிச் சரக்கு: சேதமாயின், பெற்ற நாளிலிருந்து 14 நாள்களுக்குள் எழுத்துமூல முறையீடு.

நுகர்வோர் ஆணையம்: வழக்கிற்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள்.

இவை வெளிவரம்புகள் மட்டுமே. நிறுவனத்தின் சீட்டிலோ காப்பீட்டுப் பத்திரத்திலோ இன்னும் குறுகிய கெடு குறிக்கப்பட்டிருக்கலாம். எனவே, சேதத்தைக் கண்ட நாளிலேயே எழுதிவிடுவது நன்று.

யாரிடம் கேட்பது?

இணைய அங்காடியில் வாங்கிய பொருள் உடைந்து வந்தால், சரக்கு நிறுவனத்தைத் தேடி அலையவேண்டியதில்லை. அந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தவர் விற்பனையாளர். நீங்கள் பணம் செலுத்தியதும் அவருக்கே. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கலாகாது. குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்திற்குள் புகாரைப் பெற்றமைக்கு ஒப்புகை தந்து, ஒரு மாதத்திற்குள் தீர்வு காணவேண்டும்.

விற்பனையாளர் கைவிரித்தால், கடன் அட்டை அல்லது பற்று அட்டையில் பணம் செலுத்தியவர்கள், அட்டை வழங்கிய வங்கியிடம் அந்தப் பரிமாற்றத்தின்மீது முறையீடு செய்யலாம். படங்களையும் விற்பனையாளருக்கு எழுதிய கடிதங்களையும் இணைத்து, தாமதமின்றித் தரவேண்டும். இதற்கும் காலக்கெடு உண்டு.

நீங்களே அனுப்பிய பொருளாயின், சரக்கு நிறுவனத்தை அணுகவேண்டியவர் நீங்கள்தான். அங்கே தீர்வு கிடைக்காவிடில், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். நிறுவனத்தின் தலைமையகம் எங்கே என்பது தடையன்று. சேவைக்காகச் செலுத்திய தொகை ரூ. 5 லட்சத்திற்கு மிகாவிடில் கட்டணமில்லை. வழக்கறிஞர் இன்றி நீங்களே வாதிடலாம். வணிக நோக்கத்திற்காகச் சேவை பெற்றவர் நுகர்வோர் ஆகார் என்பது பொதுவிதி. ஆயினும், சுயதொழில் மூலம் தம் வாழ்வாதாரத்தை ஈட்டுவதற்காகவே பொருளை வாங்கிப் பயன்படுத்துபவருக்குச் சட்டம் விலக்களிக்கிறது. சிறு கைவினைஞர்கள் இதனை அறிந்திருக்கவேண்டும்.

காப்பீடு என்னும் குடை

ஆண்டு முழுவதும் பொருள் அனுப்புவோர் போக்குவரத்துக் காப்பீடு எடுப்பது சிக்கனமே. உள்நாட்டுப் போக்குவரத்துக் காப்பீட்டில் அ, ஆ, இ என்ற பொருளில் மூன்று வகை உண்டு. ஆங்கில அகரவரிசையின் முதலெழுத்தைக் கொண்ட வகையே மிக விரிவானது. வாகனம் கவிழ்தல், மோதல், தீ போன்ற பெயர் சுட்டிய இடர்களை மட்டும் காக்கும் வகைகளில், வாகனத்திற்கு எதுவும் நேராமல் பெட்டி மட்டும் கீழே விழுந்து பொருள் உடைந்தால் பயன் கிட்டாது. கண்ணாடி, பீங்கான் அனுப்புவோர் "உடைதல் இதில் அடங்குமா?" என்று கேட்டு, விடையை எழுத்தில் பெறவேண்டும்.

காப்பீடு இருந்தாலும் சரக்கு நிறுவனத்திற்கு அறிவிப்பு அனுப்புவதைக் கைவிடலாகாது. இழப்பீடு தந்த காப்பீட்டு நிறுவனம், நம் இடத்தில் நின்று சரக்கு நிறுவனத்திடம் அத்தொகையை வசூலிக்கும் உரிமை பெறுகிறது. நம் தாமதத்தால் அவ்வுரிமை கெட்டால், நம் கோரிக்கையும் கெடும்.

ஒரு மாதிரி அறிவிப்பு

நீண்ட கடிதம் வேண்டியதில்லை. கீழ்க்கண்ட அளவே போதும்:

"பெறுநர்: கிளை மேலாளர் மற்றும் குறைதீர் அலுவலர். பொருள்: சரக்கு ரசீது எண் ____, நாள் ____; சேத அறிவிப்பும் இழப்பீட்டுக் கோரிக்கையும்.

மேற்கண்ட ரசீதின்படி ____ பெட்டிகளை நல்ல நிலையில் தங்களிடம் ஒப்படைத்தேன். ____ அன்று அவை ஒப்படைக்கப்பட்டபோது ____ பெட்டிகள் நசுங்கியிருந்தன. இது ஒப்படைப்புச் சீட்டில் பெறுநரால் குறிக்கப்பட்டுள்ளது. இழப்பின் மதிப்பு ரூ. ____. விலைப்பட்டியல், ரசீது, ஒப்படைப்புச் சீட்டு, புகைப்படங்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். சேதமுற்ற பொருள்கள் தங்கள் ஆய்வுக்காகப் பாதுகாக்கப்பட்டுள்ளன. இக்கடிதம் 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்கேற்றுச் சட்டப்படியான அறிவிப்பாகும். 30 நாள்களுக்குள் தொகையை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

ஒப்புகை கிடைக்கும் அஞ்சல்வழியிலும் மின்னஞ்சலிலும் அனுப்பி, சான்றுகளைப் பத்திரப்படுத்துங்கள். நிறுவனம் சிறுதொகை தர முன்வந்து, "முழுமையான இறுதித் தீர்வு" என்ற தாளில் கையெழுத்துக் கேட்டால், அத்தொகை உங்களுக்கு உண்மையிலேயே போதுமெனில் மட்டும் கையெழுத்திடுங்கள்.

வங்கியாளனாக ஓர் எச்சரிக்கை

பொருள் உடைந்த வருத்தத்தில் இருப்பவர்களைக் குறிவைக்கும் மோசடியாளர்கள் உண்டு. இணையத் தேடலில் கிடைக்கும் "வாடிக்கையாளர் சேவை" எண் போலியாக இருக்கலாம். இழப்பீட்டைத் திருப்பித் தருவதாகச் சொல்லி, ஒரு செயலியை நிறுவச் சொல்வார்கள், கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்யச் சொல்வார்கள். ரகசிய எண்ணைக் கேட்பார்கள். பணம் பெறுவதற்கு யூ.பி.ஐ. ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. ரசீதிலோ நிறுவனத்தின் சொந்தத் தளத்திலோ உள்ள எண்ணை மட்டும் பயன்படுத்துங்கள். ஏமாந்துவிட்டால், உடனே வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் தெரிவியுங்கள். உடைந்த ஜாடிக்காக அழைத்து, சேமிப்புக் கணக்கையும் இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடன் பெற்றுத் தொழில் நடத்துவோர், இழப்பு நேர்ந்தால் கிளைக்கு வந்து சொல்லுங்கள். தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு செயற்படாச் சொத்தாக வகைப்படுத்தப்படும். அதற்கு முன்னரே பேசினால் வழி காண இயலும். இருப்புப் பட்டியலில் உடைந்த சரக்கை முழுமதிப்பில் காட்டுவது எவ்வகையிலும் உதவாது.

கொச்சியிலிருந்து வந்த விடை

இனி, தொடக்கத்தில் நிறுத்திய கதைக்கு வருவோம். கொச்சிக் கடைக்காரர் அன்று மாலை ஒப்படைப்புச் சீட்டின் நகலைப் படமெடுத்து அனுப்பினார். அதில் அவர் கைப்பட எழுதியிருந்தார்: "மூன்றில் இரண்டு பெட்டிகள் நசுங்கியுள்ளன; உள்ளே சில்லோசை; திறவாமல் பெறப்பட்டது." கீழே ஊழியரின் கையெழுத்தும் இருந்தது. கண்ணாடிப் பொருள்களைப் பல ஆண்டுகளாக வாங்கி விற்பவர். அந்தப் பழக்கம் அவருக்கு இயல்பாகவே இருந்தது.

நிறுவனம் முதலில், கட்டணமான ரூ. 3,600-ஐ மட்டும் திருப்பித் தருவதாகக் கூறியது. அப்பெண்மணி அந்தத் தாளில் கையெழுத்திட மறுத்தார். சட்டப்படியான அறிவிப்பை அனுப்பினார். கட்டும்போது எடுத்த படங்கள் அவரிடம் இல்லாதது குறையாக நின்றது. ஆனால் நிறுவனம் எக்குறிப்புமின்றி வழங்கிய சரக்கு ரசீதும், கொச்சியில் எழுதப்பட்ட அந்த ஒரு வரியும் அதை ஈடுசெய்தன. நான்கு மாதங்கள் கடிதப் போக்குவரத்து நடந்தது. இறுதியில் ரூ. 36,000 அவர் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. ஒரு தவணை தாமதமானது; கணக்கு நலிவடையவில்லை. தப்பிய பெட்டியை விற்ற பணத்தில் அடுத்த தவணையைக் கட்டினார்.

எஞ்சிய ரூ. 12,000 இழப்பை அவர் மறக்கவில்லை. அடுத்த சரக்கைப் பதிவு செய்யச் சென்றபோது, கூடுதல் இடர்க் கட்டணம் எவ்வளவு என்று முதலில் கேட்டதாகவும், அதைச் செலுத்திய ரசீதைக் கோப்பில் வைத்திருப்பதாகவும் கிளைக்கு வந்து சொன்னார். அந்தக் கோப்பின் முதல் பக்கத்தில் கொச்சியிலிருந்து வந்த சீட்டின் நகல் இருந்தது.

என் வீட்டுச் சுவரில் இப்போதும் அந்தத் தஞ்சாவூர் ஓவியம் மாட்டப்பட்டுள்ளது. கீறலும் அப்படியே இருக்கிறது. அதைச் செப்பனிட இயலும் என்கிறார்கள். நான் செய்யவில்லை. யாரேனும் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்கும்போதெல்லாம், அச்சிட்ட வரியை முதலில் படிக்கவேண்டும் என்பதை அது எனக்கு நினைவூட்டுகிறது.